வாட்டம் பார்த்த பலகை

நடந்தவற்றை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன். ஊரில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள் என்று அம்மா சொன்னார்.

1. இலங்கை மலையகத்தில், கொட்டகலைக்கு மேலே உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தில், என் அண்ணன் அருள் ஒரு கிளாசிக்கல் கிட்டாரைக் கையால் செய்தார்.
2. அதற்கு மாதிரி, நூறு வருடங்களுக்கும் முன்பு ஸ்பெயினில் வாழ்ந்த, கிட்டார் செய்யும் ஓர் ஆசானின் வேலை.
3. போன நத்தாருக்கு (கிறிஸ்துமஸுக்கு) முந்தின நத்தாருக்கு ஊர் போன நான், அதை ஜெர்மனிக்குக் கொண்டுவந்தேன். இங்கே ஒரு கிட்டார் பட்டறையில் காட்டி அண்ணனுக்குப் பயிற்சி இடம் கேட்கத்தான்.
4. பட்டறைக்குக் கொண்டுபோக இருந்த வாரத்தில், என் அறையில், அதன் மேற்பலகை வெடித்தது.
5. வெடித்ததை அப்படியே கொண்டுபோய்க் காட்டினேன்.
6. அண்ணன் இப்போது ஜெர்மனியில் இல்லை. கொட்டகலையிலும் இல்லை.

ஐந்துக்கும் ஆறுக்கும் இடையில் நடந்ததுதான் ஊரில் யாருக்கும் சரியாகத் தெரியாது. அதைச் சொல்ல, கொஞ்சம் பின்னால் இருந்து தொடங்க வேண்டும்.

ஒன்று

அது வெடித்து இந்த வாரத்தோடு ஒரு வருடம். திகதி குறித்து வைக்கவில்லை. தெருவில் நத்தார் மரங்களை வெளியே போடும் வாரம் அது என்பது மட்டும் நினைவிருக்கிறது. இங்கே பண்டிகை முடிந்ததும் மரத்தை நடைபாதையில் வைத்துவிடுவார்கள். நகரசபை லொறி வந்து அள்ளிப்போகும். நேற்று வேலைக்குப் போகும்போது அவை சுவரோரம் சாய்ந்து கிடந்ததைப் பார்த்தேன். வேலைக்குப் போய்ச் சேரும்வரை வேறு எதையும் நினைக்க முடியவில்லை.

நான் இருப்பது தென் ஜெர்மனியில் ஒரு சிறு நகரம். படிக்க வந்தேன், முடித்து இங்கேயே வேலைக்குச் சேர்ந்தேன். ஈரமானிகளைச் சரிபார்க்கும் வேலை. காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று அளக்கும் கருவிகளை மருந்துக் களஞ்சியங்கள், நூதனசாலைகள், அச்சகங்கள் எங்களுக்கு அனுப்பும். ஒரு பெட்டிக்குள் வைத்துத் தெரிந்த அளவு ஈரத்தைக் கொடுத்து, கருவி உண்மை சொல்கிறதா என்று பார்ப்பேன். சொல்லாவிட்டால் திருத்துவேன். திருந்தாவிட்டால் சிவப்பு ஸ்டிக்கர்.

அம்மா தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர். என் வேலையை அவருக்கு விளக்கியபோது சிரித்தார். "காத்துல ஈரம் இருக்கான்னு பாக்கவா பாப்பா ஒன்ன அம்புட்டு தூரம் கூப்புட்டாங்க? இங்க கொடியில கெடக்குற பாவாடையத் தொட்டாத் தெரிஞ்சிரும்."

அவர் சொன்னது ஊருக்குச் சரி. எங்கள் பக்கம் குளிரும் ஈரமும் சேர்ந்தே வரும். குளிர் என்றால் சுவரில் தண்ணீர் வழியும், சப்பாத்துக்குள் பூஞ்சை பிடிக்கும், தீப்பெட்டி உரசாது. இங்கே குளிர் காலம்தான் காய்கிற காலம். வெளியே பனி கொட்டும். உள்ளே ஹீட்டர் காற்றில் இருக்கிற ஈரத்தையெல்லாம் குடித்துவிடும். முதல் வருடம் என் உதடும் குதிகாலும் வெடித்தன. குளிரில் மனிதத் தோல் காயும் என்பதை நான் புத்தகத்தில் படித்திருந்தேன். இருந்தாலும் அந்த வருடம் முழுக்க ஏதோ நோய் என்றே நினைத்தேன்.

இரண்டு

தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்போம். அதன் மேல்மாடியில்தான் கொழுந்தை வாட்டுவார்கள். நீளமான தொட்டிகளில் பச்சைக் கொழுந்தைப் பரப்பி, அடியிலிருந்து பெரிய விசிறியால் காற்று விடுவார்கள். அண்ணன் பள்ளிக்கூடம் முடித்ததிலிருந்து அந்த மாடியில்தான் வேலை.

வாட்டம் சரியா என்று அங்கே கையால்தான் பார்ப்பார்கள். ஒரு பிடி கொழுந்தை அள்ளி உள்ளங்கையில் இறுக்கிவிட்டு விரல்களைத் திறக்க வேண்டும். உருண்டை சோம்பலாக, மெதுவாக விரிந்தால் வாட்டம் சரி. துள்ளி விரிந்தால் இன்னும் பச்சை. கையிலேயே நொறுங்கினால் கொழுந்து செத்துவிட்டது என்பார்கள். பச்சையாக இருந்தால் இன்னும் கொஞ்சம் காற்று விட்டுச் சரிசெய்யலாம். செத்த கொழுந்தை ஒன்றும் செய்ய முடியாது. ஸ்டோரை நடத்தும் டீமேக்கர் ஐயாவிடம் ஏச்சு வாங்க வேண்டியதுதான். அதனால் வாட்டு மாடி ஆட்களுக்கு ஈரத்தைப் பற்றிப் பயமில்லை. கூடுதலாகக் காய்ந்துவிடுமோ என்பதுதான் பயம்.

இந்தப் பழக்கம் எங்கள் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. மழைக் காலத்தில் என் பள்ளிக்கூட வெள்ளைக் காலுறையை அண்ணன் கைக்குள் இறுக்கிப் பார்த்து, "இன்னும் பச்ச. இன்னிக்கி வெறுங்கால்தான் பாப்பா," என்பார்.

கிட்டார் வந்தது கோயில் வழியாக. எங்கள் தோட்டத்து அந்தோனியார் கோயில் பாடகர் குழுவில் இரண்டு கிட்டார்கள் இருந்தன. ஒவ்வொரு மழைக் காலத்திலும் கம்பிகளைத் தாங்கும் கட்டை பிய்ந்து வந்துவிடும். அண்ணன் ஒட்டித் தருவார். ஒட்டி ஒட்டி உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கத் தொடங்கினார். பிறகு அவற்றை ஒட்டுவது அவருக்குப் பிடிக்கவில்லை.

"இது கிட்டார் இல்ல பாப்பா, பிஸ்கட் டின்னு. எங்க தட்டினாலும் ஒரே சத்தம். நான் ஒன்னு செய்யப் போறேன்."

"எதப் பாத்து?"

"அத நீதான் அனுப்பணும். நெட்டு ஒன்னோட ஊர்லதான வேகமா ஓடுது."

மூன்று

நான் அனுப்பியது, அந்த ஸ்பானிய ஆசானின் கிட்டார் ஒன்றை யாரோ அளந்து வரைந்த வரைபடம். அவருக்கு முன்னால் கிட்டார்கள் சிறியவை. அவர் உடலைப் பெரிதாக்கினார், மேற்பலகையை மெல்லியதாக்கினார், அது வளையாமல் இருக்க அடியில் ஏழு மெல்லிய சட்டங்களை விரித்த விரல்கள்போல ஒட்டினார். இன்றைக்கும் கிளாசிக்கல் கிட்டார் செய்கிறவர்களில் பெரும்பாலானோர் அந்த வழியில்தான் செய்கிறார்கள். அண்ணன் அவரைப் பெயர் சொல்லிப் பேசியதில்லை. 'பெரியவர்' என்றுதான் சொல்வார்.

"பெரியவரு ஏழு வெச்சாரு, நானும் ஏழு."

"பெரியவரு இங்க ஒரு சுத்து கொறச்சிருக்காரு, எதுக்குன்னு தெரியல."

அம்மாவுக்கு எரிச்சல் வரும். "செத்துப்போன வெள்ளக்காரனுக்கு இம்புட்டு மரியாத. உசுரோட நின்னு மலையில வேல வாங்குற கண்டாக்கையாவுக்கு ஒரு நாளாவது இப்புடிக் குடுத்திருப்பியா?"

"கண்டாக்கு கிட்டார் செய்யட்டும், குடுக்குறேன்."

பெரியவரைப் பற்றி ஒரு செய்தி உண்டு. சத்தம் மேற்பலகையில்தான் இருக்கிறது என்று காட்ட, முதுகையும் பக்கங்களையும் காகித அட்டையில் செய்து ஒரு கிட்டார் கட்டினாராம். இதைக் கேட்டதும் அண்ணன் தொலைபேசியிலேயே எழுந்து நின்றுவிட்டார் என்று நினைக்கிறேன், சத்தம் மாறியது.

"அட்டையிலயா? அப்ப நமக்கு மரம் வாங்க வேணாம். அம்மாவோட பெட்டி இருக்கு."

முன்பு தேயிலையைக் கப்பலேற்றியது மெல்லிய ஒட்டுப்பலகைப் பெட்டிகளில். காகிதச் சாக்குகள் வந்த பிறகு பெட்டிகள் நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளுக்கு, லயத்துக்கு வந்தன. அரிசி போட, சேலை வைக்க என்று எங்கள் லயத்தில் எல்லா வீட்டிலும் ஒன்று இருக்கும். அம்மாவின் சேலைப் பெட்டியை அண்ணன் ஆணி பிடுங்கிக் கழற்றினார். கொதிநீரில் நனைத்து, சூடான குழாயில் வளைத்துப் பக்கங்கள் ஆக்கினார். முதுகுப் பலகையில் தோட்டத்தின் பெயரை அடித்திருந்த கறுப்பு எழுத்துகளை மட்டும் சுரண்டாமல் உள்பக்கமாக வைத்தார். ஓட்டை வழியாகப் பார்த்தால் இன்றைக்கும் தெரியும்.

மேற்பலகைக்கு ஊசியிலை மரம் வேண்டும். டிஸ்பென்சரிக்குப் பின்னால் காற்றில் சாய்ந்த ஒரு சைப்ரஸ் கிடந்தது. ஹட்டன் டவுனில் அறுத்து வாங்கினார். ஒரே துண்டைப் புத்தகம்போலப் பிளந்த சோடிப் பலகைகள், இரண்டு சோடி. டீமேக்கர் ஐயாவிடம் சொல்லி அவற்றை வாட்டு மாடியில், தொட்டியின் ஓரமாக வைத்துக் காற்றாட விட்டார். அவ்வப்போது ஓரத்தில் ஒரு சீவல் எடுத்துக் கைக்குள் இறுக்கிப் பார்ப்பாராம். நான் அதை வேடிக்கையாகத்தான் கேட்டேன்.

பிறகு தோட்டத்தில் ஸ்டோரை மூடினார்கள். இப்போது கொழுந்தை லொறியில் ஏற்றி வேறு தோட்டத்துக்கு அனுப்புகிறார்கள். விசிறி நின்றது, மாடிக்குப் பூட்டு விழுந்தது. அண்ணன் ஏற்கெனவே காற்றிலிருந்து எடுத்து ஒதுக்கி வைத்திருந்த பலகைகளோடு கோயிலின் பக்கத்து அறைக்கு வந்தார்.

"வாட்டம் எப்பயோ வந்துருச்சு. இனிமே ஒட்டுறதுதான்," என்றார். ஆடி மாதம். எங்கள் பக்கம் வானம் தெரியாத மழை மாதம்.

ஒரு சிறிய ஈரமானியை அனுப்பி, அறையில் தொங்கவிட்டு எண்ணைச் சொல்லச் சொன்னேன். ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டார்.

"ஒன் மிசினு செத்துப்போச்சு பாப்பா. என்னிக்குப் பாத்தாலும் ஒரே நம்பர்லயே நிக்குது."

"அண்ணே, அது சாகல. அங்க ஈரம் எறங்கவே இல்ல. இப்ப ஒட்டாதீங்க."

"போ புள்ள. கொழுந்து பாத்த கைக்கு மிசினு வந்து சொல்லணுமா?"

வேலை போன பிறகு அவர் ஹட்டனில் ஒரு மூத்த தச்சரிடம், பாஸிடம், கையாளாகப் போனார். இரவில் ஜெர்மன் படித்தார். இங்கே கிட்டார் பட்டறை நடத்தும் ஹெல்கா என்ற அம்மையார், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒரு பயிற்சியாளரைச் சேர்ப்பதாக நான் கேள்விப்பட்டிருந்தேன். எழுதிக் கேட்டேன். சான்றிதழ் வேண்டாம், உங்கள் அண்ணன் செய்த ஒரு கருவியைக் காட்டுங்கள் என்று பதில் வந்தது. ஹெல்கா ஒப்பந்தம் கொடுத்தால் விசா கிடைக்க வழி உண்டு. அது இல்லாமல் வழியே இல்லை. அண்ணனுக்கு முப்பதை நெருங்கும் வயது. தோட்டத்தில் ஸ்டோர் இல்லை. எங்கள் எல்லோருக்கும் அது தெரியும்.

அவர் மொழிப் பரீட்சைக்காக அம்மாவிடம் ஜெர்மனில் பேசிப் பழகுவார். "தயவுசெய்து மியூனிக்குக்கு ஒரு பயணச்சீட்டு" என்று கேட்பாராம். அம்மா அடுப்படியிலிருந்து, "சோறு அங்கதான் மூடி வெச்சிருக்கு, எடுத்துக்க," என்பாராம். பரீட்சையில் பாஸ்.

நான்கு

நத்தாருக்கு நான் போனபோது கிட்டார் தயாராக இருந்தது. நள்ளிரவுப் பூசையில் அதைத்தான் வாசித்தார்கள். எனக்கு இசை பற்றிப் பெரிதாகத் தெரியாது. ஆனால் கோயிலின் பின் வரிசையில், கைக்குழந்தைகள் அழுகிற இடத்தில், நான் அதைத் தெளிவாகக் கேட்டேன். பழைய இரண்டு கிட்டார்களும் அங்கே வரை வந்ததில்லை.

விமான நிலையத்தில் ஜெர்மன் சுங்க அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொன்னார். என்ன மரம், யார் செய்தது, பற்றுச்சீட்டு எங்கே என்று கேட்டார். அண்ணன் செய்தது, பற்றுச்சீட்டு இல்லை என்றேன். ஓட்டைக்குள் டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "உள்ளே தேயிலை இருக்கிறதா?" என்றார். இல்லை, அது பெட்டியின் எழுத்து என்று விளக்கினேன். அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார், அவரும் எட்டிப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டு அனுப்பினார்கள். அன்றைக்கு அது நல்ல சகுனம்போலத் தெரிந்தது.

பட்டறை விடுமுறையில் இருந்தது. அறையில் கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவே கிட்டாரை வைத்தேன். ஹீட்டருக்குத் தள்ளியே வைத்தேன். அறையின் ஈரத்தை உயர்த்த ஈரத் துணிகளைத் தொங்கவிட்டேன். அந்த வாரம் குளிர் கடுமையாக இருந்தது. துணிகள் காலைக்குள் பலகைபோல விறைத்துக் காய்ந்தன.

வெடித்த சத்தம் சிறியதுதான். விறகு அடுப்பில் ஒரு குச்சி தெறிப்பதுபோல. நான் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். கம்பிக் கட்டைக்குக் கீழே, மரத்தின் கோட்டோடு, அடி ஓரம்வரை ஒரு கறுப்புக் கோடு. நகம் நுழையும்.

அண்ணனைக் கூப்பிட்டேன். பின்னால் மழை கேட்டது.

"எங்க வெடிச்சிருக்கு?"

"கட்டைக்குக் கீழ. வலப் பக்கம்."

"ஒட்டு விட்டிருக்கா, மரமே போயிருக்கா?"

"மரம்தான், அண்ணே."

"ஃபோன அதுக்குப் பக்கத்துல வெச்சுத் தட்டு."

தட்டினேன். பலகையின் இரண்டு ஓரங்களும் ஒன்றோடொன்று உரசி இரைந்தன. அவர் இன்னொரு முறை தட்டச் சொல்லவில்லை.

"மெழுகு உருக்கி ஊத்தித் தேச்சிட்டா தெரியாது புள்ள," என்றார். "அந்தம்மா வாசிச்சுப் பாக்குற அளவுக்குத் தாங்கும்."

நான் அப்போதே சொன்னேனே என்பது வாய்வரை வந்தது, விழுங்கிவிட்டேன். மறுநாள் காலையில் ஒரு குரல் செய்தி வந்திருந்தது. "மெழுகு வேணாம் பாப்பா. அப்புடியே கொண்டு போ. அதுல எல்லாமே அப்புடியேதான் இருக்கு, இத மட்டும் எதுக்கு மறைக்கணும்."

ஐந்து

ஹெல்கா அறுபது வயதுக்காரர். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு மேலே தள்ளிவிட்டு வேலை செய்வார். கிட்டாரை வாங்கியதும் வெடிப்பைப் பார்க்கவில்லை. ஓட்டைக்குள் சிறு கண்ணாடியும் விளக்கும் விட்டு நெடுநேரம் பார்த்தார்.

"ஏழு சட்டம். பழைய ஆசானுடையது," என்றார். "ஆனால் மெலிந்திருக்கிறது. ஏன்?"

"சைப்ரஸ் கொஞ்சம் கடினமான மரம். அதனால் சட்டத்தைக் குறைத்ததாகச் சொன்னார்."

"முதுகில் என்ன எழுதியிருக்கிறது?"

"எங்கள் தோட்டத்தின் பெயர். தேயிலைப் பெட்டி."

அவர் சிரித்தார். அட்டைக் கிட்டார் கதை அவருக்கும் தெரியும். பிறகு மடியில் வைத்து வாசித்தார். தடித்த கம்பிகள் அந்த அறையிலும் கோயிலில் கேட்டதுபோலவே கேட்டன. மெல்லிய கம்பிகளைத் தொட்டதும் வெடிப்பு இரைந்தது. உடனே நிறுத்திவிட்டார்.

"பலகையை எப்படிக் காய வைத்தார்?"

நான் ஜெர்மனில் 'வாட்டினார்' என்றேன். பூ வாடுவதற்கு வரும் சொல்லைச் சொல்லியிருக்கிறேன். அவருக்குப் புரியவில்லை, செத்த மரமா என்று கேட்டார். சொல்லைத் தேடுவதைவிடச் செய்து காட்டுவது சுலபம் என்று, அவருடைய வேலை மேசைக்குக் கீழே கிடந்த சீவல்களில் ஒரு பிடி எடுத்தேன். தேயிலை என்று நினைத்துக்கொள்ளுங்கள், இப்படி இறுக்கி, இப்படித் திறந்தால் மெதுவாக விரிய வேண்டும் என்று சொல்லிக்கொண்டே விரல்களைத் திறந்தேன்.

சீவல் கையில் நொறுங்கிக் கிடந்தது. விரியவே இல்லை. தூளாகி ரேகைகளில் ஒட்டிக்கொண்டிருந்தது.

எங்கள் கணக்கில் அது செத்த கொழுந்து. அவருடைய பட்டறையில் அது சரியாகக் காய்ந்த மரம். சுவரோரம் அடுக்கியிருந்த பலகைகள் எல்லாம் அப்படிக் காய்ந்தவைதான்.

அப்போதுதான் எனக்கு முழுவதும் விளங்கியது. ஆடி மழையில் ஒட்டியது பாதிக் காரணம்தான். அதற்கு முன்பே, வாட்டு மாடியில், மரம் காயத் தொடங்கியபோதே அண்ணன் அதை நிறுத்தியிருக்கிறார். சீவல் கைக்குள் மெதுவாக விரிந்தது, சந்தோஷப்பட்டு எடுத்துவிட்டார். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் நொறுங்கியிருக்கும், அது அவருக்குப் பயம். அந்த மாடியில் வேலை செய்த யாராக இருந்தாலும் அந்த இடத்தில்தான் நிறுத்தியிருப்பார்கள். தேயிலைப் பெட்டிப் பலகைக்கு ஒன்றும் ஆகவில்லை. அது கடல் தாண்டுவதற்கென்றே செய்யப்பட்டது. மேற்பலகை மட்டும்தான் இந்த ஊருக்கு வந்து மிச்ச ஈரத்தையும் விட்டது. சுருங்க இடமில்லாமல் வெடித்தது.

ஹெல்காவுக்கு இதைச் சொன்னேன். அவர் என் கையிலிருந்த தூளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"காது நல்ல காது," என்றார் கடைசியில். "கையும் நல்ல கை. ஈரத்தைப் பற்றி இங்கே ஒரு குளிர்காலம் இருந்தால் கற்றுக்கொள்வார். ஆனால் எனக்கு இருப்பது ஒரே இடம். இன்னொரு பையனின் கிட்டாரும் வந்திருக்கிறது. அது இவ்வளவு நன்றாகக் கேட்கவில்லை. ஆனால் அது வெடிக்காமல் மூடியே இருக்கிறது."

வெடிப்பை ஒட்டித் தரட்டுமா என்று கேட்டார். செய்தவரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொண்டு வந்தேன்.

ஆறு

வசந்தத்தில் மின்னஞ்சல் வந்தது. இடம் அந்தப் பையனுக்கு. அடுத்த முறை சேர்க்கும்போது அண்ணன் இன்னொரு கிட்டார் அனுப்பினால் முதலில் அதைப் பார்ப்பதாக எழுதியிருந்தார். மரியாதையான கடிதம். நான் அதை மொழிபெயர்த்து வாசித்தேன். சீவல் நொறுங்கியதையும் அன்றுதான் சொன்னேன்.

அண்ணன் சிரித்தார், அல்லது அப்படி ஒரு சத்தம்.

"அப்ப நல்லாக் காஞ்சதயெல்லாம் நாங்க செத்துப்போச்சுன்னு தூக்கி எறிஞ்சிருப்போம்."

"இன்னொரு சோடிப் பலகை இருக்கே, அண்ணே. அதக் காய வெச்சா..."

"எதுல? விசிறியக் கழட்டிக் கொண்டு போயிட்டாங்க பாப்பா."

அடுப்படியில் காய வைக்கலாம், ஒரு சிறு பெட்டிக்குள் பல்பு போட்டுக் காய வைக்கலாம் என்று நான் வரிசையாகச் சொன்னேன். எல்லாவற்றுக்கும் ம் கொட்டினார். அடுத்த மாதம், அண்ணன் ஹட்டனில் ஒரு வெளிநாட்டு வேலை ஏஜென்ஸியில் பெயர் கொடுத்திருப்பதாக அம்மா சொன்னார். சவூதிக்கு, கொங்கிரீட் ஊற்றப் பலகை அடிக்கும் தச்சு வேலை. ரியாத் போய்ச் சேர்ந்த பிறகுதான் அண்ணன் என்னைக் கூப்பிட்டார்.

கோடையில் ஒன்று நடந்தது. ஒரு நாள் துடைக்கும்போது வெடிப்பைக் காணவில்லை. காற்றில் ஈரம் ஏறியதும் மரம் உப்பி, இரண்டு ஓரமும் வந்து சேர்ந்துவிட்டன. தட்டினால் இரையவில்லை. நான் படித்த பாடம்தான் இது. ஆனாலும் நகத்தால் திரும்பத் திரும்பத் தடவிப் பார்த்தேன்.

அந்த ஞாயிறு அதைத் தமிழ் வகுப்புக்குக் கொண்டுபோனேன். மாதம் ஒரு தடவை இங்குள்ள பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். எல்லோரும் யாழ்ப்பாணக் குடும்பங்களின் பிள்ளைகள், இங்கேயே பிறந்தவர்கள். ஆதிரை என்ற சிறுமி ஓட்டைக்குள் எட்டிப் பார்த்து என்ன எழுத்து என்று ஜெர்மனில் கேட்டாள். தேயிலைத் தோட்டம் என்று தமிழில் சொன்னேன். தேயிலை என்றால்? இலை, தேநீருக்கு. அவள் யோசித்துவிட்டு, "தேநீர் இலையா? அது பையில்தானே வரும்," என்றாள். சொல்லிக் கொடுத்தேன். மற்றப் பிள்ளைகள் அதற்குள் தொலைபேசியை எடுத்துவிட்டார்கள். அவளை அழைத்துப்போக வந்த தாய், கிட்டாரைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "நீங்கள் எஸ்டேட் பக்கமோ?" என்று கேட்டார். ஒருவருடைய நோயை விசாரிப்பதுபோல இருந்தது. ஆமாம் என்றேன். "பறவாயில்லை," என்றார்.

அன்று இரவு அண்ணனுக்கு வீடியோவில் கிட்டாரைக் காட்டினேன். அவர் இரும்புக் கட்டிலின் மேல்தட்டில் படுத்திருந்தார். பின்னால் யாரோ சிங்களத்தில் சண்டை போட்டார்கள்.

"மூடிக்கிச்சு, அண்ணே. பாருங்க."

"வெளிச்சத்துல காட்டு." பார்த்தார். "மூடல. ஒட்டிக்கிட்டு நிக்குது. குளிர் வந்தாத் தெறந்துக்கும்."

"அந்தம்மா இப்பவும் ஒட்டித் தாரேன்னுதான் சொல்றாங்க. குடுக்கவா?"

"வேணாம். வெளி ஆளு கை வெக்க வேணாம். நான் வந்து ஒட்டுறேன்." பிறகு, பக்கத்துப் படுக்கைக்காரருக்குக் கேட்காதபடி தொலைபேசியை வாயருகே கொண்டுவந்தார். "இங்க எப்புடிக் காஞ்சு கெடக்கு தெரியுமா பாப்பா? காலையில கழுவுன சட்ட, சாப்பிட்டு வர்றதுக்குள்ள மொறுமொறுங்குது. பலக சீவுனா எல்லாம் தூளு. இந்த ஊர்ல வெச்சு ஒட்டியிருந்தா எங்க கொண்டு போனாலும் வெடிச்சிருக்காது."

"அப்ப அங்கயே ஒன்னு செய்யுங்களேன்."

"எங்க? இந்தக் கட்டில் மேலயா?"

கீழ்த் தட்டுக்காரர் ஏதோ கேட்டார். அண்ணன், "தங்கச்சி," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

இன்றைய நிலைமை இது. அண்ணன் ரியாத்தில் இருக்கிறார், ஒப்பந்தம் இன்னும் முடியவில்லை. ஹெல்காவின் பட்டறையில் அடுத்த இடம் எப்போது வரும் என்று தெரியாது. வந்தால் காட்டுவதற்கு எங்களிடம் வேறு கிட்டார் இல்லை. இரண்டாவது சோடிப் பலகை அம்மாவின் கட்டிலுக்கு அடியில், சேலைப் பெட்டி இருந்த இடத்தில் இருக்கிறது. அம்மாவின் சேலைகள் ஒரு அட்டைப் பெட்டியில் இருக்கின்றன. கிட்டார் என் அறையில் இருக்கிறது. கம்பிகளைத் தளர்த்தி வைத்திருக்கிறேன். வெடிப்பு போன வாரம் மறுபடி திறந்துகொண்டது. நான் அதை ஒட்டவில்லை.